தெளிந்த தண்ணீர்

1936 வைகாசி 12, திங்கள்.

கண்ணை மூடினால் அந்த ஆள்காட்டிக் குருவிதான் தெரிகிறது.

காலையில் குமாரபாளையம் ஆற்றுக்கு நடுவே, மணல்திட்டில் நின்று அது அடைகாப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டின் ஓரம் தண்ணீர் ஏறுவதுபோல் இருந்தது. பரிசல்காரர் மாரப்பனிடம் கேட்டேன்.

“பயப்படாதீங்க. வெள்ளம்னா செம்மண்ணாட்டம் கலங்கி வருமுங்க. இது தெளிஞ்சு கெடக்குது பாருங்க.”

நானும் நம்பினேன். தண்ணீரின் நிறம் பார்த்துத்தான் இங்கே எல்லோரும் ஆற்றில் இறங்குகிறோம்.

சற்று நேரத்தில் முழங்கால் நனைந்தது. பரிசலில் ஏறித் தப்பினோம். வயிறு நனைந்த பிறகுதான் குருவி கத்திக்கொண்டு எழுந்தது. முட்டைகள் போய்விட்டன.

மேலே புதிதாகக் கட்டிய அணையைத் திறந்துவிட்டார்களாம். மண் அங்கேயே தங்கிவிட, வெறும் தண்ணீர் வருகிறது.

கரையில் மாரப்பன் ஒரு கை தண்ணீரை அள்ளிப் பார்த்தார். உள்ளங்கை ரேகை தெரிந்தது.

“ஊட்டுல புள்ளைங்களுக்கு இனி என்னன்னுங்க சொல்லிக்குடுக்கறது?”