நகர்ந்துபோன பச்சை வட்டம்

மயில்துத்தம் கலந்த மைதாப் பசையின் வாசனை இத்தனை வருஷம் கழித்தும் போகவில்லை. உங்கள் பழைய ஃபைலின் நாடாவை அவிழ்த்ததும் முகத்தில் வந்து மோதியது. நீங்கள் இருந்தபோதே இந்த ஃபைலை நான் தொட்டதில்லை. பயம். நீங்கள் போன பிறகு தொட மனசு வரவில்லை.

இன்று தொட வேண்டி வந்தது. நீங்கள் பாக்கெட்டுக்குப் படம் போட்டுக் கொடுத்த ஏலக்காய்க் கடையை இப்போது முதலாளியின் மகள்தான் நடத்துகிறாள். நேற்று வந்திருந்தாள். "ஆன்ட்டி, புது டப்பாவுல ரெண்டு வரி போடப் போறோம். இந்த வட்டத்துக்கு என்ன அர்த்தம், யார் பண்ணுனதுன்னு. அங்கிள் ஏதாச்சும் சொல்லியிருக்காரா?" என்று கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். ராத்திரி முழுக்க அவள் கேள்வி நெஞ்சில் கிடந்தது.

அன்றைக்குக் குமுளியில் எந்தப் பாக்கெட்டை எடுத்தாலும் ஒரு யானை, ஒரு அருவி, சேலை கட்டிய ஒரு பெண். நீங்கள் வெள்ளை அட்டையின் நட்ட நடுவில் ஒரு பச்சை வட்டம் ஒட்டினீர்கள். கீழே ஒரு கறுப்புக் கோடு, வளைவு நெளிவு இல்லாத மொட்டை எழுத்தில் கடைப் பெயர். அவ்வளவுதான். முதலாளி நம் சாப்பாட்டு மேஜைக்கு முன்னால் நின்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னப்பா, பொட்டு வச்சுட்டு முடிச்சுப்புட்ட? ஒரு யானையாவது போடக் கூடாதா?"

"மொதலாளி, நீங்க விக்கிறது ஏலக்காயா, யானையா?"

அவர் சிரித்துவிட்டுப் போனார். மறுநாள் காலை நீங்கள் அட்டையைப் புதிதாக ஒட்டி, மேலே பட்டர் பேப்பர் மூடிவிட்டுக் குளிக்கப் போனீர்கள். கம்பத்து அச்சகத்துக்கு முதல் பஸ் பிடிக்க வேண்டும்.

என் குணம் உங்களுக்குத் தெரியும். பீடத்துத் துணி ஒரு விரல் கோணியிருந்தாலும் எனக்கு ஜெபம் ஓடாது. பேப்பரைத் தூக்கிப் பார்த்தேன். வட்டம் ஒரு நூல் விலகியிருப்பது போல் பட்டது. கறிக்கு மஞ்சள் போட்ட கையோடு, கட்டைவிரலால் லேசாகத் தள்ளினேன். பசை காயவில்லை. வட்டம் வழுக்கிக்கொண்டு வலது ஓரத்துக்கே போய்விட்டது. திரும்ப இழுத்தால் கிழியும். நடுவில் என் விரல் மஞ்சளாகப் பதிந்துவிட்டது. பேப்பரை அப்படியே மூடிவிட்டு அடுப்படிக்கு ஓடினேன். நீங்கள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தீர்கள், அட்டையை எடுத்தீர்கள், போய்விட்டீர்கள்.

வட்டம் ஓரத்தில் இருந்தபடியே அச்சாகி வந்தது. முதலாளி பாக்கெட்டைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "உருண்டு விழப்போற மாதிரி இருக்குப்பா. கை தானாப் போய்ப் பிடிக்குது," என்றார். சின்னக்கானலில் கொழுந்து கிள்ளும் என் சித்தி மகள் வந்தபோது, "மலை ஓரத்துல சூரியன் இப்படித்தான் நிக்கும்க்கா," என்றாள்.

"பச்சையாவா?" என்று கேட்டீர்கள்.

"பனிக்குள்ள எல்லாமே பச்சைதான் மச்சான்."

எனக்கு அது பூசையில் உயர்த்திப் பிடிக்கிற அப்பமாகத் தெரிந்தது. உங்களிடம் சொன்னேன். "நான் வட்டம்தான் வச்சேன் புள்ள. அர்த்தம் பாக்குறவுக கொண்டாந்து வைக்கிறது," என்றீர்கள். யார் அதைப் புகழ்ந்தாலும் எனக்குச் சுருக்கென்று குத்தும். உங்கள் வேலையைக் கெடுத்தது நான். பெயர் வந்தது உங்களுக்கு. சொல்லாமல் இருப்பது பொய்யா? பாவசங்கீர்த்தனத்தில்கூடக் கேட்டுவிட்டேன். "இது பாவமில்லம்மா, வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிரு," என்றார் ஃபாதர். எதையும் நோட்டில் எழுதி வைக்கிறவள், இதை எழுதவும் இல்லை, உங்களிடம் சொல்லவும் இல்லை. சொல்லலாம் என்று துணிந்த வருஷம் நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள்.

இன்று அந்த அட்டையை எடுத்தேன். பட்டர் பேப்பர் பழுத்துப்போயிருக்கிறது. அதன் ஓரத்தில், அச்சகத்துக்காக நீங்கள் பென்சிலில் எழுதியது:

"வட்டம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். நகர்த்த வேண்டாம். நடுவில் உள்ள கைரேகை மட்டும் அச்சில் விழாமல் பார்த்துக்கொள்ளவும்."

எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. பஸ்ஸிலேயே பார்த்திருக்கிறீர்கள். பார்த்துவிட்டு, இதுதான் சரி என்று முடிவும் செய்திருக்கிறீர்கள். பிறகு இத்தனை காலம் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் சொல்வேன் என்று நீங்கள் காத்திருந்தீர்களா? ஒரே ஒரு தடவை சேர்ந்து சிரித்திருக்கலாமே. இப்போது இதைச் சொல்லிச் சிரிக்க எனக்கு யார் இருக்கிறார்கள்?

சாயங்காலம் அந்தப் பெண் வந்தாள். உங்கள் பெயரைச் சொன்னேன். நழுவவிட்டது நான்தான், ஆனால் நழுவினதைப் பார்த்து, இருக்கட்டும் என்று சொல்ல ஒரு கண் வேண்டும். அது உங்களுடையது. "அர்த்தம் ஆன்ட்டி?" என்றாள். "அந்த வரி வேண்டாம்மா. வாங்குறவங்களுக்கு விட்டுரு," என்றேன். அட்டையைக் கேட்டாள், கொடுக்கவில்லை.

ரோட்டில் லாரி போகிற அதிர்வில், பீடத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் உங்கள் படம் வலது பக்கம் சரிந்திருக்கிறது. ஜெபத்துக்கு உட்கார்ந்தபோது பார்த்தேன். எழுந்து போய் விரலை வைத்தேன். வைத்த விரலை அப்படியே எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

ஜெபம் ஓடியது.