பதினொரு புள்ளிகள்

மார்ச் 2, திங்கள்
நீண்ட ஆலோசனைக்குப் பிறகு இன்று காலை ஏழே முக்காலுக்கு ஒரு முடிவு எடுக்கப்பட்டது: இடது காலுறையை இனி நானே போட்டுக்கொள்வதில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. வீட்டில் நான் ஒருத்திதான்.

வாரம் மூன்று நாள் இல்ல உதவி மையத்திலிருந்து ஒரு பெண் வருகிறாள். வாளியும் கதவும் அவளிடம் படும் பாட்டைப் பார்த்துச் சூறாவளி என்று பெயர் வைத்தேன். என்னைக் குளிக்க வைத்து, காலுறை மாட்டி, காய் நறுக்கி வைத்துவிட்டுப் போவாள். எழுபத்தெட்டு வயதில் நான் சொந்த வீட்டில் இருப்பது அவளால்தான்.

மார்ச் 5, வியாழன்
மையத்திலிருந்து கடிதம். பத்தாம் தேதி மதிப்பீட்டாளர் வந்து என் இயலாமைக்குப் புள்ளி போடுவார். பன்னிரண்டுக்குக் குறைந்தால் உதவி தேவையில்லை. பதினெட்டைத் தாண்டினால் தனியாக வாழத் தகுதியில்லை, முதியோர் இல்லம். ஆக, அளவோடு முடியாமல் இருக்கவேண்டும். போன வருடம் எனக்குப் பதின்மூன்று.

மார்ச் 7, சனி
சூறாவளி: "அந்தாளு வர்ற அன்னிக்கு ஒண்ணும் பண்ணாதீங்கம்மா. முடியலைன்னா முடியலைன்னு சொல்லுங்க. உங்க வீம்பை நினைச்சாத்தான் எனக்கு பயம்."
எனக்கு வீம்பா?
மகன் தொலைபேசியில் அதையே சொன்னான். நடிக்கச் சொல்கிறாயா என்று கேட்டேன். "நடிக்க வேணாம்மா. இருக்கறதை மறைக்காதீங்க, அது போதும்."

மார்ச் 9, திங்கள்
முப்பத்தோரு ஆண்டு பள்ளிக்கூட ஆய்வாளராக இருந்தேன். ஆய்வுக்கு முந்தின நாள் வெள்ளையடித்து, உடைந்த பெஞ்சை ஒளித்து, மந்தமான பிள்ளைகளை லீவு போடச் சொன்ன தலைமையாசிரியர்களை எப்படியெல்லாம் எழுதிக் கிழித்திருக்கிறேன். அற்பர்கள்.

இன்று சமையல் அலமாரியைத் துடைத்தேன். நல்ல சேலைக்கு இஸ்திரி போட்டேன். கைத்தடியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன் — வழியில் கிடந்தது, அவ்வளவுதான்.

மார்ச் 10, செவ்வாய்
நல்ல மனிதர். மெல்லிய குரல். "தனியா குளிப்பீங்களாம்மா?"
அறிமுகமில்லாத ஆண்பிள்ளை, கையில் பேனா. என்ன சொல்வது? "பின்னே?" என்றேன்.

தேநீர் கொடுத்தேன். நல்ல கோப்பைகள் மேல் தட்டில் இருந்தன. ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தேன். "அடேங்கப்பா!" என்று எழுந்து நின்று பார்த்தார். பிறகு உட்கார்ந்து எழுதினார்.

அவர் போனபின் ஒன்றரை மணி நேரம் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. ஆய்வு திருப்திகரம்.

மார்ச் 20, வெள்ளி
பதினொன்று. "தங்களின் தற்சார்பை மனமாரப் பாராட்டுகிறோம்." அதற்குக் கீழே, சேவை இன்றோடு நிறைவு.
சூறாவளி கடிதத்தை இரண்டு முறை படித்தாள். "ஸ்டூல்ல ஏறுனீங்களா?"
நல்ல கோப்பைகள் மேல் தட்டில்தானே இருந்தன என்றேன்.
"நான் இருக்கும்போது ஒரு டம்ளரைக்கூட நகத்த மாட்டீங்களேம்மா! யாரோ ஒருத்தருக்கு டீ போட்டு, உங்க குளியலுக்கே உலை வெச்சிட்டீங்களே!"

அழவில்லை. கொஞ்சம். இப்ப யார்கிட்ட போய் சொல்றது, எனக்கு முடியலைன்னு?

மார்ச் 27, வெள்ளி
மேல்முறையீடு உண்டாம். தொலைபேசியில் ஒரு எழுத்தர்: "படிவம் வாங்க நீங்களே நேர்ல வரணும்மா. ஆனா வந்துட்டீங்கன்னா, நல்லா நடமாடுறாங்கன்னு குறிச்சுக்குவோம்."

ஏப்ரல் 2
குளிக்கவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்
எழுத்து கோணலாக இருப்பதற்குக் காரணம், இது இடது கை. திங்களன்று, எட்டு நாள் கழித்துக் குளிக்கப் போனேன். வலது மணிக்கட்டு, இடுப்பெலும்பு. பக்கத்து வீட்டுக்காரர்தான் கதவை உடைத்துத் தூக்கினார்.

ஏப்ரல் 17, வெள்ளி
அதே மதிப்பீட்டாளர், மருத்துவமனைக் கட்டிலுக்கே வந்தார். இந்த முறை கேட்டதற்கெல்லாம் உண்மையைச் சொன்னேன்.
பத்தொன்பது.

மே 6, புதன்
இல்லத்தில் இரவுச் சாப்பாடு ஆறரைக்கு. என் வீட்டில் ஒன்றாம் தேதியிலிருந்து ஒரு பல் மருத்துவர் குடியிருக்கிறார்.