மணல் தொட்டியும் எங்கள் கிணறும்

16 நவம்பர் 1934, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து எங்கள் கொல்லையில் கூடியவர்கள்: ஓவர்சியர் அகஸ்டின், பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லி பீர் முஹம்மது, கசாப்புக்கடை குலாம் ரசூல், என் மகன் ஷஃபியுல்லா. கதவுக்குப் பின்னால் மருமகள் ஜஹீதாவும் நானும். நாளைக்கு ஒருத்தரும் ‘நான் அங்கே இல்லை’ என்று சொல்லக்கூடாது, அதற்காக எழுதுகிறேன்.

ஊர்ச் சாக்கடையைச் சுத்தம் செய்யும் தொட்டி இன்று முடிந்தது. முதல் குழியில் கசடு தங்கும். இரண்டாவதில் செங்கல் ஜல்லி, கரி, மேலே மணல். அதில் இறங்கும் தண்ணீர் தெளிந்து வாழைக்குப் போகிறது. நல்ல வேலைதான். இடம்தான் கேடு. அடையாற்றுக்குத் தெற்கே எங்கள் ஊரில் எல்லாக் கிணறும் உப்பு. எங்களுடையது ஒன்றுதான் குடிக்க ஆகும். அதற்குப் பன்னிரண்டு அடி தள்ளித் தொட்டி!

ஓவர்சியர் முதலில் குறித்தது பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தை. பீர் முஹம்மது விடவில்லை. “தொழற எடத்தாண்ட சாக்கடையா? ஷஃபியுல்லா கொல்லை சும்மாதானே கீது.” என் மகன் பல்லைக் காட்டினான்.

அகஸ்டின் கால்சட்டையை மடித்துவிட்டு அவரே இறங்கிக் காட்டினார். “எட்டு நாளைக்கு ஒருதரம் மேல் மணலை நாலு விரல் சுரண்டி, அலசிப் போடணும். விட்டா அடைச்சுக்கும். வழிஞ்சா நேரா கிணத்துக்குத்தான் போவும்.” பொறுப்பு ஷஃபியுல்லாவுக்கு. எல்லார் முன்னாலும் தலையாட்டினான்.

24 நவம்பர்

சுரண்டினான். மூக்கைப் பிடித்துக்கொண்டு.

2 டிசம்பர்

சுரண்டினான். வாழை குருத்து விட்டிருக்கிறது.

11 டிசம்பர்

நோன்பு தொடங்கிவிட்டது. நேற்றே சுரண்டியிருக்க வேண்டும். முத்தவல்லி தடுத்துவிட்டானாம். “நோன்பு மாசத்துல அசிங்கத்துல கை வெக்காதே. அந்தத் துணியோட எப்டி தொழுவே? பெருநாள் போவட்டும், மணல் எங்க ஓடிடப் போவுது?”

“குளிச்சுட்டுப் போயேண்டா, நம்ம வீட்ல தண்ணிக்கா பஞ்சம்?” என்றேன்.

“சும்மா இரும்மா. உனக்கு ஒண்ணும் தெரியாது.”

தெரியாதுதான். படித்தது இரண்டாம் வகுப்பு. எட்டு வரைக்கும் எண்ணத் தெரியும்.

19 டிசம்பர்

மழை. மணல்மேல் கறுப்பாகத் தோல் கட்டியிருக்கிறது. புடவையைச் செருகிக்கொண்டு மண்வெட்டியோடு நானே இறங்கப் போனேன். பீர் முஹம்மது சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

“இன்னாக்கா, இந்த வயசுல தோட்டி வேலையா? ஊரு சிரிக்கும்.”

“என் கெணத்துத் தண்ணியிலதான ஊரே நோன்பு தொறக்குது? நல்லா சிரிக்கட்டும்!”

அவன் தலை சுவருக்குப் பின்னால் இறங்கிவிட்டது. ஆனால் ஷஃபியுல்லா மண்வெட்டியைப் பிடுங்கி அறையில் வைத்துப் பூட்டிவிட்டான். என் வீட்டு மண்வெட்டியை, என்னிடமிருந்து!

25 டிசம்பர்

மூன்று நாள் அடைமழை. தொட்டி வழிந்துவிட்டது. காலையில் வாளியை மேலே இழுக்கும்போதே நாற்றம் வந்தது.

26 டிசம்பர்

தண்ணீருக்கு ஒருத்தியும் வரவில்லை.

3 ஜனவரி 1935

ஜஹீதாவும் நானும் நாலு நாளாக இறைத்துக் கொட்டுகிறோம். ஊறி வருவதே கலங்கலாக வருகிறது. இப்போது சுரண்டுகிறான் — இப்போது!

12 ஜனவரி

அகஸ்டின் விசாரணைக்கு வந்தார். கிணறு எப்படிக் கெட்டது என்று கேட்டார்.

பீர் முஹம்மது முந்திக்கொண்டான். “அது எப்பவுமே அப்டித்தான் சார். பழங்கெணறு. உப்பு, நாத்தம்.”

அவர் என் மகன் பக்கம் திரும்பினார். “நீ சொல்லுப்பா. உன் கிணறு.”

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லடா, சொல்லிவிடடா. அவன் தரையைப் பார்த்தான். “ஆமா சார். எப்பவுமே அப்டித்தான்.”

முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல் வெளியே வந்து “பொய்!” என்று கத்தினேன்.

“வயசாயிட்டுது சார், மறதி,” என்றான் முத்தவல்லி. எனக்கா மறதி? அவன் கலியாணத்துப் பிரியாணிக்கு எத்தனை குடம் என் கிணற்றிலிருந்து போனது என்று இன்றைக்கும் சொல்வேன். இருபத்திரண்டு.

ஓவர்சியர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அவர்கள் சொன்னதையே எழுதிக்கொண்டார்.

20 ஜனவரி

கிணற்றை மூடுகிறார்கள். நான்காவது வண்டி மண் விழுகிறது. ஜஹீதா குடத்தோடு அடுத்த ஊருக்குப் போயிருக்கிறாள்.

பீர் முஹம்மது பொய் சொன்னதை அல்லாஹ் கேட்டுக்கொள்வான். அந்த ஆள் எனக்கு யாரோ. பிறந்த அன்றைக்கு நான் சர்க்கரை கரைத்து ஒருத்தன் நாக்கில் தொட்டு வைத்தது இந்தத் தண்ணீரில். மன்னிக்க மாட்டேன். ஷஃபியுல்லாவை.