அழுகையைச் சம்மதம் என்று எழுதிய நாள்

உங்கள் நிக்காஹ் அன்றைக்கு நம் மஸ்கெலியா வீட்டில் இருந்தவர்களை ஒருவர் விடாமல் சொல்வேன், ராத்தா. திரைக்கு வெளியே வாப்பா, சாட்சிக்கு வந்த ஹனிபா நானா, காசிம் சாச்சா. திரைக்கு உள்ளே மணப்பெண்ணாக நீங்கள், உங்கள் தங்கை நான், வாப்பாவின் தங்கை ஸுபைதா மாமி. மாப்பிள்ளை பள்ளிவாசலில் காத்திருந்தார்.

போன வாரம் என் பேத்தியின் நிக்காஹுக்கு அறை வாசலில் திரை கட்டினார்கள். புதுத் துணியின் கஞ்சி வாசமும் மருதாணி வாசமும் சேர்ந்து வந்தது. அதே வாசம்.

உம்மா இல்லாத வீடு நம்முடையது. வாப்பாவிடம் நேரே பேசிப் பழக்கமில்லை. அதனால்தான் "கினிகத்தேனைக் கடைக்காரர் எனக்கு வேணாம், வாப்பாகிட்ட சொல்லிருங்க" என்று முதல் நாளே மாமியிடம் கெஞ்சினீர்கள். மாமி தலையாட்டினாள். சொல்லவில்லை.

"மகளே, சம்மதமா?" என்று வாப்பா திரைக்கு வெளியிலிருந்து கேட்டார். நீங்கள் வாயைத் திறந்தீர்கள். கண்ணீர் துடைப்பவள் போல மாமி முந்தானையை உங்கள் வாயில் வைத்து அழுத்தினாள். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள்.

"அழுகுறா நானா," என்று அண்ணனுக்குக் குரல் கொடுத்தாள். "வெக்கம். சம்மதந்தான், எழுதச் சொல்லுங்க!"

எழுதிவிட்டார்கள்.

அடி தாங்காமல் பல வருஷம் கழித்து நீங்கள் அட்டனுக்குக் காதியாரிடம் விவாகரத்துக் கேட்டுப் போனபோது நானும் கூட வந்தேன். "சம்மதிச்சுத்தானே கட்டினீங்க? பொறுத்துப் போங்க" என்றார் அவர். இல்லவே இல்லை என்றீர்கள். மாமியைக் கூப்பிட்டு விசாரித்தார். "என் காதால கேட்டேன். சம்மதம்னுதான் சொன்னா" என்றாள் அந்த மகராசி.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னீர்கள்: "கன்னிப் பொண்ணு பேசாம இருந்தா சம்மதம்ங்கிறது, வெக்கப்படுறவளுக்கு மார்க்கம் குடுத்த சலுகை. அத வச்சே என் வாயப் பொத்திட்டாங்களே." வாப்பா கட்டாயமாகக் கட்டிவைத்தார் என்று ஒரு பெண் நபியவர்களிடம் முறையிட்டதையும், முடிவை அவர்கள் அவளிடமே விட்டதையும் சொன்னீர்கள். "இது காதியாருக்குத் தெரியாதா?" என்று கேட்டேன். "தெரியும். நான் பொண்ணா வந்து கேட்டதுதான் அவருக்குப் புடிக்கல" என்று சிரித்தீர்கள். அந்த வீட்டுக்கே திரும்பிப் போனீர்கள். போன வருஷம் நீங்கள் கண்மூடியபோது உங்கள் ஜனாஸாவும் அங்கிருந்துதான் வந்தது.

பேத்தியும் திரைக்குள் அழுதாள். மாமி இன்னும் இருக்கிறாள், ராத்தா. திரையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். "அழுகுது புள்ள. சம்மதந்தான், எழுதுங்க மௌலவி" என்றாள். அதே குரல்.

வெளியே நின்ற மௌலவி சின்னப் பையன் மாதிரி இருப்பார். "அழுகைய நான் எழுத மாட்டேன், பெரியம்மா. புள்ள வாயால சொல்லட்டும். வேணாம்னாலும் சொல்லலாம், எந்திரிச்சுப் போயிருவேன். யாரும் அவ பக்கத்துல நிக்காதீங்க."

"சம்மதம்! மொதல்ல இந்தச் சாம்பிராணிய வெளிய எடுங்க, கண்ணு எரியுது!" என்று கத்தினாள் பேத்தி. வீடே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மௌலவி சொன்ன அந்த நாலு வார்த்தையைச் சொல்ல அன்றைக்கு உங்களுக்கு ஒரு ஆள் இல்லாமல் போனாரே!

புறப்படும்போது மாமி என் கையைப் பிடித்தாள். "வயசாயிருச்சுடி. என்னைய மாப்பு பண்ணிரு."

"எதுக்கு மாமி?"

"எல்லாத்துக்கும், பொதுவா."

"பொதுவா மாப்பு இல்ல. அன்னிக்கு என்ன செஞ்சீங்கன்னு வாயால சொல்லுங்க."

அழுதாள். மௌலவி சொன்னபடிதான் நானும் நடந்தேன். அழுகையை எழுதிக்கொள்ளவில்லை.

உங்கள் பிடி இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது, ராத்தா. வாப்பா திரைக்கு வெளியே நின்றவர், அவரை மன்னித்தாயிற்று. சாட்சிகள் காதில் விழுந்ததைச் சொன்னவர்கள், அவர்களையும்தான். காதியாரைக்கூட ஒருநாள் மன்னிப்பேனோ என்னவோ. மௌத்தாகும்வரை நான் மன்னிக்கப்போகாத ஒருத்தி இருக்கிறாள்: ஸுபைதா மாமி.