சத்தம் கேட்கும் தூரம்

சாயங்காலம் கரண்ட் போனது. மேசைமேல் மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்தேன். மெழுகு உருகும் வாசனை எழுந்ததும் நீ வந்துவிட்டாய். மலைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், தீக்குச்சிகளின் மருந்துத் தலையை ஒவ்வொன்றாக உருகிய மெழுகில் தோய்த்துக் காயவைப்பாய். "மழையில எது நனஞ்சாலும் இது நனையக் கூடாது மாப்ளே" என்பாய்.

நீ பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர், நான் தபால் ஆபீஸில் குமாஸ்தா. லீவு கிடைத்தால் சிறுமலை ஏறிவிடுவோம். ஊரார் சாமி கும்பிட மலை ஏறுவார்கள், வாழைத்தார் இறக்க ஏறுவார்கள். சும்மா ஏறுகிற நம்மைப் பார்த்துச் சிரித்தார்கள். உனக்கு அது சும்மா இல்லை. யுத்தம் முடிந்து மதுரையில் மலிவாக வந்த பாராசூட் துணியை வாங்கி, நீயே உட்கார்ந்து ஒரு முதுகுப்பை தைத்தாய். மிச்சத் துணியில் கூடாரம் போல இழுத்துக் கட்ட ஒரு விரிப்பு. மடித்தால் ஒரு துண்டு அளவுதான் இருக்கும். பித்தளைச் சொம்பை விட்டுவிட்டு அலுமினிய டம்ளருக்கு மாறினாய். கரண்டியின் காம்பைக்கூடப் பாதியாக வெட்டினாய். காய்கறிக்காரரின் தராசில் பையை வைத்து நிறுத்துப் பார்ப்பாய். அவர் தலையில் அடித்துக்கொள்வார்.

ஆனால் அந்தச் சின்னப் பையில் காய்ந்த சட்டை ஒன்று, பாதிக் கம்பளி, அவல், வெல்லம், கயிறு எப்போதும் இருக்கும். "பாரத்தக் கொறைக்கலாம். ஆனா காஞ்ச சட்டைய விட்டுட்டு ஏறக் கூடாது." இன்னொன்றும் சொல்வாய்: கூட வருபவன் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தைத் தாண்டி யாரும் முன்னால் போகக் கூடாது.

தனபாலுக்கும் இதைச் சொன்னாய். சின்னாளப்பட்டிச் சேலைகளுக்கு ஏஜென்ட். வாய் நிறையப் பேச்சு. நாம் போகிற இடமெல்லாம் தானும் வருகிறேன் என்று ஒட்டிக்கொண்டான். ஸ்டவ், டிபன் கேரியர், ரெண்டு ஜமுக்காளம் என்று கல்யாண வீட்டுக்குப் போகிறவனைப் போல மூட்டை கட்டி வருவான்.

அந்த ஐப்பசியில் என் தங்கைக்குக் கல்யாணம். நான் வரவில்லை. நீங்கள் இருவரும் போனீர்கள். அப்புறம் உன்னை நான் பார்த்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. விட்டு விட்டுச் சொன்னாய்.

"ஏத்தத்துல முட்டி வலிக்குதுன்னான். செத்த நேரம் பைய மாத்திக்கிருவோம்னான். குடுத்தேன். மழை புடிச்சுக்கிருச்சு, மேகமும் எறங்கிருச்சு. கூப்பிட்டேன். அவனுக்குக் கேக்கல போல."

அவன் உன் பையோடு போய் ஒரு தோட்டக் குடிசையில் காய்ந்த சட்டை போட்டுக்கொண்டு படுத்தான். நீ அவனுடைய ஈர ஜமுக்காளத்தோடு பாறை இடுக்கில் விடிய விடிய நடுங்கினாய்.

"விட்ருடா மாப்ளே. வேணும்னா செஞ்சான்?" என்றாய். நீ என்னிடம் கேட்ட கடைசி உதவி அது. நான் செய்யவில்லை.

அவன் சும்மா இருந்திருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன். உனக்காகப் பள்ளிக்கூடத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். தனபால் எழுந்து பேசினான். "பாரத்தக் கொறைக்கணும், கொறைக்கணும்னு ஒரே வெறி அவருக்கு. ஒரு போர்வை கூட இல்லாம வந்துட்டாரு. நான் எம்புட்டோ சொன்னேன்." பெண்கள் பக்கத்தில் உன் மனைவி உட்கார்ந்திருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தது. நான் எழுந்து உண்மையைச் சொன்னேன். துக்கத்தில் உளறுகிறேன் என்று யாரோ கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள். உன் பை தன்னிடம் இல்லவே இல்லை என்று தனபால் சொன்னான். வீம்பால் செத்த மனுஷன் என்று உனக்குப் பேர் ஆயிற்று. உன் வீட்டுக்காரி தண்ணீர் எடுக்கப் போகிற குழாயடியிலும் அந்தப் பேச்சு இருந்தது.

அதன் பிறகு நான் தனபாலோடு சிநேகமானேன். அன்று ஏதோ கோபத்தில் பேசிவிட்டேன் என்றேன். அவனோடு உட்கார்ந்து காபி குடித்தேன். அவன் சொன்ன நகைச்சுவைக்கெல்லாம் சிரித்தேன். வருஷங்கள் போயின. மலை ஏறுவது எப்படி என்று பையன்களுக்கு அவன் பாடம் நடத்தத் தொடங்கினான். உன்னை உதாரணமாகச் சொன்னான், எப்படி ஏறக் கூடாது என்பதற்கு. அதையும் பக்கத்தில் நின்று கேட்டேன்.

போன ஐப்பசியில் அவனைக் கூப்பிட்டேன். "வாங்க, நாம ரெண்டு பேரு மட்டும் போய்ட்டு வருவோம்." வந்தான். வழக்கம்போல மூட்டை. ஏற்றம் தொடங்கியதும் மூச்சு வாங்கியது. "குடுங்க, நான் தூக்குறேன்" என்றேன். சந்தோஷமாகக் கொடுத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு நடந்தான்.

மத்தியானம் மேகம் இறங்கியது. மழை வரும் என்று காலையிலேயே எனக்குத் தெரியும். நான் எட்டி நடந்தேன். ஒரு வளைவு தாண்டிப் பாறைக்கு அடியில் உட்கார்ந்தேன். நீ சொன்ன தூரத்தை நான் தாண்டவில்லை. எனக்கு நன்றாகக் கேட்டது.

முதலில் என் பேரைச் சொல்லி அதட்டினான். பிறகு திட்டினான். பிறகு "அண்ணே, அண்ணே" என்றான். என்னைவிட மூத்தவன் அவன். நான் வெல்லம் தின்றுகொண்டு கேட்டேன். இனித்தது. நீ சொல்லிக்கொடுத்தது ஞாபகம் இருந்தது: குளிரில் முதலில் நடுங்கும், அப்புறம் நாக்கு குழறும், நடுக்கம் நின்றுபோனால் ஆள் தேற மாட்டான். அவன் குரல் குழறத் தொடங்கும்வரை காத்திருந்தேன். அதன் பிறகுதான் திரும்பிப் போனேன்.

என் பையிலிருந்த விரிப்பை இழுத்துக் கட்டி அவனை அடியில் தள்ளினேன். உதடு நீலம் பாரித்திருந்தது. காய்ந்த சட்டையைக் கையில் எடுத்துக் காட்டினேன். கொடுக்கவில்லை.

"அவன் கூப்பிட்டது கேட்டுச்சா?"

தலையை ஆட்டினான்.

"வாயத் தொறந்து சொல்லு."

"கேட்டுச்சு. திரும்புனா நானும் நனஞ்சுருவேன்னு பயந்துக்கிட்டுப் போய்ட்டேன். ரொம்ப நேரம் கேட்டுச்சு."

உனக்கு அது தெரியாது. அவனுக்குக் கேட்கவில்லை என்று நம்பித்தான் நீ போனாய். சட்டையை அவன்மேல் எறிந்தேன்.

மறுநாள் இறங்கியதும் அவனை அவன் வீட்டுக்குப் போகவிடவில்லை. பிடித்த கையை விடாமல் நேரே உன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் நிறுத்தி, தெருவில் போகிறவர்கள் காதிலும் விழும்படி எல்லாவற்றையும் சொல்லவைத்தேன். பை மாற்றியது, போர்வை இருந்தது, சத்தம் கேட்டது, உன் பையைத் தோட்டத்திலேயே எரித்துவிட்டது. அதைச் சொல்லும்போது அழுதான். அவனிடம் பாடம் கேட்கும் பையன்கள் இரண்டு பேரின் அப்பாக்கள் கூட்டத்தில் நின்றார்கள். இப்போது அவனோடு யாரும் மலை ஏறுவதில்லை. பஜாரில் என்னைக் கண்டால் எதிர்ச் சாரிக்குப் போகிறான். நான் வேண்டுமென்றே நின்று பார்க்கிறேன்.

உன் மனைவி அன்று அழவில்லை. கதவில் கையை ஊன்றிக்கொண்டு கடைசிவரை கேட்டது. கூட்டம் கலைந்தது, அவனும் போனான். மலையில் நான் உட்கார்ந்திருந்ததையும், அவன் குரல் குழறியதையும் உன் மனைவியிடம் சொன்னேன். நல்லது செய்தீர்கள் என்று சொல்லும் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டது.

"நீங்க ஏண்ணே அவன்கிட்டத் திரும்பிப் போனீங்க?"

அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. தபால் பைக்கு அரக்கு வைக்கும்போதும், சாப்பிட உட்காரும்போதும் வருகிறது. இரக்கப்பட்டுத் திரும்பவில்லை. பயந்தும் திரும்பவில்லை. உன்னிடம் பதில் இருக்கும். கூப்பிட்டால் கேட்கிற தூரம் என்று நீ சொன்னதில்தான் அது இருக்கிறது என்றும் எனக்குத் தெரியும். அதைக் கேட்க எனக்கு இஷ்டமில்லை.