பேரரசர் கொடுத்த கோதுமை

5 மே 2025, திங்கள்

ஆல்பனி மண்டபத்தில் 'உரோமாபுரியின் ரொட்டி' கண்காட்சி தொடங்கிவிட்டது. நான் வழிகாட்டி. பாடமாக்கத் தந்த தாளில், பஞ்சத்திலும் பேரரசர் நகரமக்களுக்கு இலவசமாகக் கோதுமை கொடுத்தார் என்று இருக்கிறது. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கேட்டாள்: "அவருக்கு அது எங்கேயிருந்து வந்தது?"

சொன்னேன். எகிப்திலும் வட ஆபிரிக்காவிலும் வாரி எடுத்துக் கப்பலில் ஏற்றியது. நாட்டுப்புறங்களிலும் அதே கதைதான். அறுவடை முடிந்ததும் வருடம் முழுவதற்குமானதை நகரத்தார் கொண்டுபோய்விடுவார்கள் என்று அந்தக் காலத்துக் கிரேக்க வைத்தியர் ஒருவர் எழுதியிருக்கிறார். விளைவித்த சனம் மிச்சத்தைத் தின்று முடித்து, பிறகு குருத்தும் கிழங்கும் தின்று, கடைசியில் புல்லை அவித்துத் தின்றதாம்.

8 மே

முறைப்பாடு வந்துவிட்டது. பிள்ளைகளைப் பயமுறுத்திவிட்டேனாம். மேலாளர் திவாகர், சிங்கப்பூர்க்காரர், கூப்பிட்டார். "ஸ்கிரிப்டுல உள்ளத மட்டும் பேசுங்க லோஜனா. டிக்கெட் வாங்கினவங்க சந்தோஷமா வீட்டுக்குப் போகணும் லா."

"நான் பொய் ஏதும் சொன்னனானா?" என்று கேட்டேன். போனை நோண்டினார்.

9 மே

இன்றும் சொன்னேன். வந்த குழு எல்லாவற்றுக்கும்.

13 மே

மற்ற வழிகாட்டி கிளாரா, மலேசியப் பிள்ளை, மதியச் சாப்பாட்டில் பிடித்துக்கொண்டாள். "வேலை போயிடும் அக்கா. ரென்ட்டுக்கு என்ன பண்ணுவீங்க? அவங்க எழுதினத சொல்லிட்டுப் போங்களேன்." நல்ல பிள்ளை. சரியான பயந்தாங்கொள்ளி.

ரென்ட் எனக்குத் தெரியாதா? ஆனால் — யுத்தத்தில், வன்னியில் எங்களுக்குச் சாப்பாடு வரவிடாமல் மறித்தவர்களே பிறகு முகாமில் பார்சல் நீட்டிப் படமும் எடுத்தார்கள். கொடைவள்ளல்கள்! சாப்பாட்டைப் பறிச்சுப்போட்டுக் குடுக்கிறவனைத் தருமவான் எண்டு சொல்ல எனக்கு வாய் வராது. வராது எண்டால் வராது.

18 மே, ஞாயிறு

யுத்தத்தின் கடைசி நாட்களில் செத்தவர்களை நினைத்து, ஹில்ஸ்பரோவில் எங்கட சனம் சேர்ந்து முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சினோம். கிளாராவும் வந்தாள்.

"உப்பு மட்டும்தானா அக்கா?"

"சில நாள் அதுவும் இல்லை."

அவள் இன்னொரு கோப்பை வாங்கிக் குடித்தாள்.

20 மே

நாளையிலிருந்து எனக்கு வாசலில் வருபவர்களின் கோட்டும் குடையும் வாங்கி வைக்கிற வேலையாம். "பிடிக்கலைன்னா நின்னுக்கலாம்" என்று திவாகர் நைசாகச் சொன்னார். நானாக ஏன் போகவேணும்? துரத்துறதெண்டால் அவரே துரத்தட்டும். நான் நகரமாட்டன்.

23 மே, வெள்ளி

காலையிலிருந்து மழை. கோட்டுகள் எல்லாம் தெப்பல். வாசல் திரைக்கு அந்தப் பக்கம் கிளாராவின் குழு. திவாகரும் கூடவே நின்றார். பாடமாக்கியதை ஒப்புவித்துக்கொண்டு வந்தவள், பேரரசரின் கோதுமை வந்ததும் நின்றுவிட்டாள். மறந்துபோனாள் என்றுதான் நினைத்தேன்.

பிறகு, ஒருவரும் கேட்காமலே, சனம் புல் அவித்துத் தின்றதைச் சொல்லத் தொடங்கினாள். திவாகர் செருமினார். அவள் நிறுத்தவில்லை, முழுவதும் சொல்லி முடித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பின்னேரம் வாசலுக்கு வந்தாள். "தள்ளி உக்காருங்க அக்கா. நாளையிலேருந்து நானும் இங்கதான்."

இனி வழிகாட்டத் திவாகர் ஒருத்தர்தான் மிச்சம்.