இளவரசன் ஏரி

செங்கம் சாலை,
திருவண்ணாமலை
16.6.2025

அன்புள்ள ஆதிக்கு,

நலம். நீயும் அம்மாவும் அங்கே சுகம் என்று நம்புகிறேன். போனில் என்னை நீ பிளாக் செய்துவிட்டாய். தபால்காரரை யாரும் பிளாக் செய்ய முடியாது என்பதால் பேனாவை எடுத்தேன். போன வாரமே எழுதியிருப்பேன். பௌர்ணமிக் கூட்டத்தில் மூன்று நாள் இட்லிப் பானையை விட்டு நகர முடியவில்லை.

சென்னைப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே நீ தோற்றுவிட்டாய் என்று நம் கண்டக்டர் பரசுராமன் வந்து சொன்னார். அதற்கு நான்தான் காரணம். கார்டுகளுக்குக் கவர் மாற்றித் தரச் சொல்லி உன் ஏரி டெக்கை, அந்தக் கார்டுக் கட்டை, என்னிடம் விட்டுப் போனாய். நான் நாற்பது கார்டையும் மேஜையில் அடுக்கி, படம் எடுத்து, நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது யாராவது இப்படிச் செய்வார்களா? நான் செய்தேன். பெருமை தாங்கவில்லை ஆதி, அவ்வளவுதான்.

போன வருடம் இந்த ஏழுகோட்டைக் கார்டு ஆட்டம் ஆடிய அத்தனை பேரும் தீப்பந்த டெக்தான் வைத்திருந்தார்கள். நாலாவது சுற்றுக்குள் எதிராளியின் ஏழு கோட்டையையும் கொளுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். நீ ஒருத்திதான் சுற்றுக்கு ஒரு கார்டாக ஏரியில் தண்ணீர் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பதினோரு மாதம் தோற்றாய். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உனக்கு ஒரே ஒரு கோட்டை மிச்சம் இருந்த நிலையில் ஏழாவது தண்ணீர்க் கார்டை வைத்துப் பரசுராமனின் கோட்டைகளை மொத்தமாக மூழ்கடித்தாய். அன்றைக்கு என் இட்லிக் கடையில் எவனும் எழுந்து பில் கேட்கவில்லை. அப்படி ஒரு ஆட்டத்தை நான் பார்த்ததில்லை.

இப்போது இங்கே எல்லோர் கையிலும் ஏரிதான். பரசுராமனே, "அவசரப்படாதீங்க அண்ணே, தண்ணி ரொம்பட்டும்"னு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் வேலையில் இந்தப் பொறுமையைக் காட்டியிருந்தால் எத்தனை சண்டை மிச்சமாகியிருக்கும்!

திட்டியாவது எழுது.

அன்புடன்,
இளவரசன்

*

கீழ்பென்னாத்தூர்
24.6.2025

இளவரசன் அண்ணாவுக்கு,

கடிதம் வந்தது. நான் வேலை பார்க்கும் மருந்துக் கடை முகவரிக்குப் போட்டதால் முதலாளி ஜோதியம்மாள் பிரித்துவிடாமல் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

தோற்றதற்காக நான் கோபப்படவில்லை. தோற்பது எனக்குப் பழக்கம்தான், நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

சென்னைக்குப் போகும் பேருந்தில் வேறொரு குழுவில் என் டெக்கின் படத்தைப் பார்த்தேன். மேலே "இளவரசன் ஏரி" என்று போட்டிருந்தது. அரங்கத்தில் எதிரே உட்கார்ந்த பெண் என் கார்டுகளைப் பார்த்துவிட்டு, "நீங்களும் இளவரசன் ஏரியா? எல்லாரும் அவரப் பாத்துத்தான் கட்டுறாங்க"ன்னு சிரித்தாள். நான் என்ன சொல்ல? இல்லைம்மா, இது என்னுடையது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

மருந்துச் சீட்டுகளின் பின்புறம் கணக்குப் போட்டுப் போட்டுக் கட்டியது அண்ணா அது. நீங்கள் நாற்பது கார்டின் பெயரும் தெரியும்படி படம் எடுத்தீர்கள். என் பெயர் ஒன்றைப் போட உங்களுக்குத் தோன்றவில்லை.

இனி எழுத வேண்டாம்.

ஆதிலட்சுமி

*

திருவண்ணாமலை
20.7.2025

அன்புள்ள ஆதிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். மூன்று வாரம் கேட்டுப் பார்த்தேன், முடியவில்லை.

நம் குழுவில் இருப்பது பதினோரு பேர். அது உன் டெக் என்று பதினோரு பேருக்கும் தெரியும். அதனால், "நம்ம டெக்கப் பாருங்கடா"ன்னு மட்டும் எழுதினேன். அது பதினோரு பேரோடு நிற்காது என்ற அறிவு எனக்கு இல்லை. எவனோ ஒருவன் அனுப்பியவர் பெயரைப் பார்த்துத் தலைப்பு வைத்துவிட்டான். உன் கடிதத்தைப் படித்த பிறகு தெரிந்த குழுவில் எல்லாம் திருத்தம் போட்டேன். வேலூர்க்காரர்கள் கட்டைவிரல் காட்டினார்கள். சென்னைக்காரர்கள் அதுவும் இல்லை. நான் உன்னிடமிருந்து எடுத்தது என்னவென்று இப்போது புரிகிறது. வெட்கமாக இருக்கிறது.

உனக்கு ஒரு நல்ல செய்தி. கடைக்கு வந்திருக்கும் புதுக் கார்டு பாக்கெட்டில் மடைத்திறப்பு கார்டு தாராளமாக வருகிறது. ஆளுக்கு மூன்று வைத்துக்கொண்டு, நிரம்புகிற ஏரியையெல்லாம் வடித்து விடுகிறார்கள். "இளவரசன் ஏரி செத்துடுச்சு"ன்னு ஊர் முழுக்கப் பேச்சு. திருடிய பெயருக்குச் சரியான மரியாதை. பரசுராமன் பழையபடி தீப்பந்தம் தூக்கிவிட்டார்.

இன்னொரு விஷயம். சென்னையில் ஏழுகோட்டை ஆட்டங்களைப் பற்றி வீடியோ போடுகிறவர், ராமகிருஷ்ணன் என்று பெயர், என்னைப் பேட்டி எடுக்க வேண்டும் என்று போன் செய்தார். ஒரே டெக் நாடு முழுக்க ஆடுகிற விதத்தையே மாற்றிவிட்டதாம், எப்படி யோசித்தேன் என்று சொல்ல வேண்டுமாம். "நான் யோசிக்கலீங்க. யோசிச்சவங்க கீழ்பென்னாத்தூர்ல மருந்துக் கடையில இருக்காங்க"ன்னு சொல்லி உன் முகவரியைக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் உறைத்தது, இதையும் உன்னைக் கேட்காமல் செய்திருக்கிறேன் என்று. நான் திருந்துகிற ஜன்மம் இல்லை போலிருக்கிறது.

அவர் வந்தால் பேசு. என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல். உன் பெயர் வெளியே வந்தால் போதும் எனக்கு.

அன்புடன்,
இளவரசன்

*

கீழ்பென்னாத்தூர்
12.8.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். அண்ணி எப்படி இருக்கிறார்கள்?

ராமகிருஷ்ணன் நேற்று வந்துவிட்டார், கேமராவோடு. இருமல் மருந்து வாங்க வந்தவர்கள் எல்லாம் மருந்தை மறந்து வேடிக்கை பார்த்தார்கள். ஜோதியம்மாள், "இன்னாடி இது, தலைய வாராம வீடியோவுல வரப் போறியா?"ன்னு இழுத்துப் பிடித்துப் பின்னிவிட்டார்.

"இந்த டெக்கை யார் கட்டினது?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. "நான்" என்றேன். ஒரே சொல்தான். அதைச் சொல்லி முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மேலே பேசினேன். மருந்துச் சீட்டுகளைக் காட்டினேன். ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொண்டார்.

அடுத்து, "சென்னையில ஏன் தோத்தீங்க?" என்றார். டெக் வெளியே போய்விட்டது, அதனால்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். இரண்டு மாதமாக வீட்டில் அப்படித்தான் சொல்லி வந்தேன். கேமரா முன்னால் அது வரவில்லை அண்ணா.

நடந்தது இதுதான். டெக்கில் கரைக்காவலர் கார்டு இரண்டு வைத்தே ஆக வேண்டும் என்று என்னைப் படுத்தி எடுத்து வைக்க வைத்தவர் நீங்கள். அன்றைக்குப் பேருந்தில் அந்தப் படத்தைப் பார்த்த ஆத்திரத்தில், உங்கள் வாடையே வேண்டாம் என்று அந்த இரண்டையும் உருவிவிட்டேன். மடைத்திறப்பு அப்போது அபூர்வம், அரங்கத்திலேயே அந்தப் பெண்ணிடம் மட்டும்தான் ஒன்று இருந்தது. அவள் அதை வைத்தபோது தடுக்க என் கையில் காவலர் இல்லை. நாற்பது கார்டையும் நீங்கள் ஊருக்கே காட்டியிருந்தாலும், அந்த இரண்டு இருந்திருந்தால் நான் ஜெயித்திருப்பேன்.

அதை அப்படியே சொல்லிவிட்டேன். நாற்பதில் முப்பத்தெட்டு என்னுடையது, இரண்டு இளவரசன் அண்ணனுடையது, அந்த இரண்டையும் எடுத்ததால் தோற்றேன் என்று. வெள்ளிக்கிழமை வீடியோ வருகிறதாம். காவலர் இல்லாமல் ஏரி நிற்காது என்று வேறு யாராவது கண்டுபிடித்திருப்பார்களா என்று கேட்டால், இல்லை. எல்லோரும் சிரித்த அந்தப் பதினோரு மாதத்தில், சிரித்துக்கொண்டே என் டெக்கை உட்கார்ந்து படித்தவர் நீங்கள் ஒருவர்தான். அதை நான் மறந்துவிட்டேன். என் தப்பு அது.

மடைத்திறப்பை எல்லோரும் மூன்று மூன்றாக வைத்துக்கொண்டு திரிவதாக எழுதியிருந்தீர்கள். ஏரியே இல்லாத டெக்குக்கு எதிரே அந்த மூன்றும் வெறும் காகிதம். புது டெக் கட்டிவிட்டேன். பரசுராமன் அண்ணனிடம் மூச்சு விடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வருகிறேன். முப்பத்தெட்டு கார்டுதான் எடுத்து வருவேன். மீதி இரண்டை நீங்கள் பார்த்து வையுங்கள்.

உங்கள்,
ஆதி